அக்னெஸின் தம்பி பந்து எறிகிறான்

லாசரஸ் பேஸ்போல் அணிக்கு அந்தப் பெயரை வைத்தவர் பங்குத்தந்தை. செத்து நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழும்பி வந்தவரின் பெயரை வைத்தால், தோற்கும் நேரத்திலும் நம்பிக்கை இருக்கும் என்று அவர் நினைத்தார். அணி அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டது. ஐந்தாவது இன்னிங்ஸ் வரை நல்ல உயிரோடு முன்னால் நிற்கும். ஆறாவதில் இழுக்கத் தொடங்கும். ஏழாவதில் அடக்கம்.

ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஏழு இன்னிங்ஸோடு ஆட்டம் முடிந்துவிடும். அதில் முதல் ஐந்துக்கும் பந்து எறிபவன் நிஷான். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவன். ஊசி போடுவதைப் போலவே பந்தையும் சொன்ன இடத்தில் போடுவான். ஆனால் அவனுடைய தோள் ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் கேட்காது. அதற்குப் பிறகு இன்னொருவன் வந்து, எடுத்த முன்னிலையைக் கட்டிக் காத்துக் கரை சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு அணிப் பொடியன்கள் வைத்த பெயர் ‘இரட்சகர்’. லாசரஸின் இரட்சகர் மரியதாசன்.

மரியதாசனுக்கு நாற்பத்து மூன்று வயது. மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பக்கம், ஒரு மருந்துக் கம்பனிக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கதவு மாதிரித் தோள். புதன்கிழமைப் பயிற்சியில் அவன் எறிந்தால் பந்து கையுறையில் வெடி போல விழும். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தில், அதே பந்து தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகும். கிரிக்கெட்டில் வைட் போட்டால் ஒரு ஓட்டத்தோடு போயிற்று. பேஸ்போலில் நாலு பந்து தப்பாகப் போட்டால் எதிராளி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, சந்தைக்குப் போகிறவனைப் போல நடந்து முதலாம் தளத்துக்குப் போய் நிற்பான். இன்னும் நாலு போட்டால் அடுத்தவன் வருவான், முன்னால் நின்றவன் ஒரு தளம் தள்ளிப் போவான். இப்படியே தள்ளித் தள்ளி ஒருத்தன் வீட்டுத் தளத்துக்கு வந்தால் அது ஒரு ஓட்டம்.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், மொன்ட்ரியால்-நோர் பூங்காவில், லாசரஸ் எட்டுக்கு மூன்று என்று முன்னால் நின்றது. கடைசி இன்னிங்ஸ். மரியதாசன் மறுபடி எறியும் மேட்டில் ஏறினான். முதலாமவன் நடந்து போனான். இரண்டாமவனும் நடந்து போனான். மூன்றாமவனுக்குத் தொடையில் பந்து விழுந்தது. அதற்கும் முதலாம் தளம்தான்; அவன் நொண்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆட்டம் ஒரு பாதயாத்திரையாக மாறியது.

பிரெஞ்சில் தப்பான பந்துக்குப் பெயர் ‘பல்’. அம்பயர் குனிந்து நின்று ஒவ்வொரு பந்துக்கும் “பல்! பல்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

கம்பிவலைக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் இருந்த அக்னெஸ், கையில் உருட்டிக்கொண்டிருந்த செபமாலையை ஒரு கணம் நிறுத்தினார். “இவன் ஒவ்வொரு கிழமையும் பல்லு பல்லு எண்டு கத்திறான். ஒருநாளைக்கு இவன்ர பல்லைத்தான் கழட்டப்போறன்” என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து, பூங்கா முழுக்கக் கேட்கிற குரலில், “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடர்ந்தார்.

எட்டுக்கு ஒன்பது. எதிரணியின் வெற்றி ஓட்டம் ஓடி வரவில்லை, நடந்து வந்தது. மொன்ட்ரியால்-நோர் பொடியன்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துவிட்டு, மரியதாசனையும் வந்து கட்டிப்பிடித்தார்கள்.

அக்னெஸ் மரியதாசனின் அக்கா. அணியின் மனேஜர் ஞானேந்திரனின் மனைவி. லாசரஸின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

ஞானேந்திரன் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பேஸ்போலைத் தொலைக்காட்சியில் பார்த்தே படித்தவர். அவர் எறிந்த பந்து ஒன்றுகூட இன்றுவரை யாரிடமும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் யார் எறியக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அன்று பின்னேரம் குசினியில் வைத்து அதைச் சொல்லத் தொடங்கினார்.

“இஞ்சேரும் அக்னெஸ், தாசனை வேற இடத்தில விடுவம். வெளிப்பக்கத்தில நிண்டு பந்து பிடிக்கட்டும்.”

அக்னெஸ் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “அவனை மாத்தினியள் எண்டால் பிறகு நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ.”

“நான் அணியைப் பற்றிக் கதைக்கிறன்.”

“நான் என்ர தம்பியைப் பற்றிக் கதைக்கிறன். அவன் அந்த சோபாவில கிடந்ததை மறந்து போனியளோ?”

ஞானேந்திரன் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி மரியதாசனின் மனைவி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு டொரொன்டோவுக்கு பஸ் ஏறினாள். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் அக்கா வீட்டு பேஸ்மென்டில் குடியேறினான். வேலைக்குப் போவான், வருவான், சோபாவில் விழுவான். அக்னெஸ் சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தியிருந்து செபம் சொல்லுவார். ஒரு வருஷம் அப்படிப் போனது. பேஸ்போல் அக்னெஸின் யோசனை. ‘அவனை வெயிலில போடுங்கோ’ என்று ஊறுகாயைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் கணவரிடம் சொன்னார். வெயில் வேலை செய்தது. மரியதாசன் சவரம் செய்தான். சிரித்தான். புதன்கிழமைகளில் எல்லோருக்கும் முந்தி மைதானத்துக்குப் போய் நின்றான். தோற்றதைத் தவிர வேறு குறையில்லை.

அதனால் ஞானேந்திரன் சுற்றுவழியில் போய்ப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தில், மரியதாசனுக்குக் கை உளைவு என்று அவனுக்கே தெரியாமல் ஒரு நோயைக் கண்டுபிடித்து, பிரணவனைக் கடைசி இன்னிங்ஸுக்கு அனுப்பினார். பிரணவன் அணியில் இருந்த ஒரே சைவக்காரன். ஒவ்வொரு பந்துக்கும் முதல் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போடுவான். முதல் தோப்புக்கரணத்துக்கு அம்பயர் சிரித்தார். மூன்றாம் பந்தில் நேரம் கடத்துகிறான் என்று எச்சரித்தார். தோப்புக்கரணம் இல்லாமல் பிரணவன் எறிந்த முதலாம் பந்தை எதிராளி அடித்த அடியில், அது வேலி தாண்டி, வீதியில் நின்ற ஒருத்தரின் காருக்குக் கீழே போய் ஒளிந்தது. அந்த ஆட்டமும் போயிற்று.

அடுத்த கிழமை பங்குத்தந்தையே நேரில் வந்தார். பெயர் வைத்த பாவத்துக்குப் பரிகாரமாக, எறியும் மேட்டைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஒரு செம்பு போதும், அவர் ஒரு வாளி கொண்டு வந்திருந்தார். மேடு சேறானது. மரியதாசன் காலை ஊன்றி எறியும்போது வழுக்கி, பந்து ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். “பல்!” என்றார் அம்பயர். நிஷான் பெஞ்சில் இருந்து தன் தோளில் ஐஸ் பையை வைத்தபடி, “கோச் அங்கிள், அடுத்த முறை ஃபாதரை எதிரணி மேட்டை மந்திரிக்கச் சொல்லுங்கோ” என்றான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஞானேந்திரனுக்கு வாய் தவறிவிட்டது. சேறு அப்பிய காற்சட்டையோடு மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மைத்துனனைப் பார்த்து, “மச்சான், புதன்கிழமை எறியிற ஆள் ஆர், ஞாயிற்றுக்கிழமை வாற ஆள் ஆர்? உண்மையைச் சொல்லு. உனக்கு உன்ர அக்காவுக்காகத்தான் பந்து தாறன்” என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மரியதாசன் கோபப்படவில்லை. மட்டைப் பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, அதன் மேலேயே இருந்தான்.

“தெரியும் அத்தான். ஆனா பிரச்சினையும் அக்காதான்.”

“என்ன சொல்லுறாய்?”

“நான் மேட்டில ஏறின உடனே அவ செபமாலையை எடுக்கிறா. அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு அவதான் சொன்னவ. இதே குரல். பிறகு எனக்காகப் படியில இருந்து ஒரு வருஷம் சொன்னா. இப்ப அந்தச் சத்தம் கேட்டாலே ஆரோ சாகக் கிடக்கிற மாதிரி இருக்கு அத்தான். சுத்திப் பாத்தால் அங்க வேற ஒருத்தரும் இல்லை. நான்தான் கிடக்கிறன். கை விறைச்சுப்போகுது.”

ஞானேந்திரன் யோசித்துப் பார்த்தார். புதன்கிழமைகளில் அக்னெஸ் வருவதில்லை. மாதா சபைக் கூட்டம்.

“அவவிட்டச் சொல்லன்.”

“நீங்கள் சொல்லுங்கோவன்.”

ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம், அதுவும் அக்னெஸிடம், நீர் செபம் சொல்வதால்தான் தோற்கிறோம் என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை அந்த மைதானத்தில் இல்லை.

கடைசி ஆட்டம் செப்டம்பரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்ய் அணியின் மைதானத்தில். கிண்ணம், பதக்கம் எல்லாம் ஜூலையிலேயே கைவிட்டுப் போய்விட்டன. மிச்சம் இருந்தது மானம் மட்டும். லீக்கில் கடைசி இடம் பிடிக்கும் அணி, வருஷ முடிவு விருந்தில் ஏப்ரன் கட்டி மற்ற அணிகளுக்குப் பரிமாற வேண்டும். போன வருஷம் லொங்குய்ய்க்காரர் பரிமாறினார்கள். இந்த ஆட்டத்தில் தோற்கிறவர்கள்தான் இந்த வருஷத்துப் பரிமாறிகள்.

ஞானேந்திரன் பங்குத்தந்தையைத் தனியே பிடித்தார். “ஃபாதர், ஞாயிற்றுக்கிழமை அக்னெஸைக் கொஞ்சம் செபம் சொல்லாமப் பண்ண ஏலுமோ?”

“நான் குருவானவர் ஞானேந்திரன். என்னட்ட இதையோ கேக்கிறீர்?”

“ஏப்ரன் கட்டுற படத்தில உங்களையும் நிக்க வைப்பம் ஃபாதர். பெயர் வச்சது நீங்கள்.”

பங்குத்தந்தை தாடியைத் தடவினார். மாதா பெருநாள் வருகிறது, சொரூபத்துக்குப் பூ கட்ட ஆள் வேண்டும் என்றார். அது பொய்யில்லை. பூ உண்மையிலேயே கட்டத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கட்ட வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் சறுக்கல் இருந்தது.

அக்னெஸ் பூ கட்டப் போனார். லாசரஸ் பாலத்தைத் தாண்டிப் போனது.

நிஷான் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து இறங்கும்போது ஆறுக்கு நாலு, லாசரஸ் முன்னால். மரியதாசன் ஏறினான். கம்பிவலைக்குப் பின்னால் பார்த்தான். லொங்குய்ய் கிழவர்கள் இரண்டு பேர் ஹொட்டோக் தின்றுகொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. பந்தை எறிந்தான்.

“பிரீஸ்!” என்று அம்பயர் கத்தினார். நல்ல பந்துக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல்; மூன்று விழுந்தால் மட்டையோடு நிற்பவன் அவுட். லாசரஸ் பெஞ்சில் சிலருக்கு அந்தச் சொல் மறந்தே போயிருந்தது.

ஆறாவது இன்னிங்ஸ் சுத்தமாக முடிந்தது. ஏழாவதில் லாசரஸ் ஒன்றும் அடிக்கவில்லை. லொங்குய்யின் கடைசி முறை வந்தது. முதலாமவன் உயர அடித்துப் பிடி கொடுத்தான். இரண்டாமவன் அடித்துவிட்டு முதலாம் தளத்தில் போய் நின்றான். பரவாயில்லை, அடித்துத்தானே போனான் என்று ஞானேந்திரன் நினைத்துக்கொண்டிருக்கும்போது, மைதானத்து ஓரத்தில் ஒரு கார் வந்து நின்றது. பங்குத்தந்தையின் கார்.

அக்னெஸ் இறங்கினார். பின்னால் பங்குத்தந்தை, களவெடுத்துப் பிடிபட்டவரின் முகத்தோடு. அவர் ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் தயாராக்கி வைத்திருந்தார். அவருக்கே தெரியாமல் கடைக்காரர் பூக்களைக் கட்டியே அனுப்பியிருந்தார். பிறகு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அக்னெஸ் இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டார்.

மடக்குக் கதிரை விரிந்தது. செபமாலை வெளியே வந்தது. “அருள் நிறைந்த மரியே வாழ்க...”

மேட்டில் நின்ற மரியதாசனின் தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கியதை ஞானேந்திரன் பெஞ்சிலிருந்தே கண்டார். நாலு பந்து. “பல்!” ஒருத்தன் நடந்தான். இன்னும் நாலு. மூன்று தளமும் நிறைந்தது. இன்னும் நாலு. மூன்றாம் தளத்தில் நின்றவன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தான். ஆறுக்கு ஐந்து.

ஞானேந்திரன் எழுந்து பிரணவனைத் தேடினார். பிரணவன் பெஞ்சுக்குப் பின்னால் முன்கூட்டியே தோப்புக்கரணங்களைப் போட்டு முடித்துக்கொண்டிருந்தான். ஆனால் மரியதாசன் மேட்டிலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினான். அம்பயரிடம் ஒரு நிமிஷம் கேட்டான். கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நேராகக் கம்பிவலைக்கு நடந்து போனான்.

“அக்கா.”

அக்னெஸ் ஒரு மணியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, நான் இன்னும் சாகேல்லை.”

“என்னடா அலம்பிறாய்?”

“நீ செபம் சொல்லேக்க அம்மாவின்ர கட்டில்தான் எனக்குத் தெரியுது. கை வழங்குதில்லை. வீட்டில சொல்லு, கோயில்ல சொல்லு. நான் எறியேக்க மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேக்கிறன்.”

அக்னெஸின் முகம் சிவந்தது. தம்பியைப் பார்த்தார். பெஞ்சடியில் மரம் போல நின்ற கணவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பங்குத்தந்தையைப் பார்த்தார். பங்குத்தந்தை வானத்தைப் பார்த்தார்.

“ஓ. அதுக்குத்தான் பூ கட்ட அனுப்பினியளோ எல்லாரும் சேந்து.”

அம்பயர் கை தட்டி, நேரம் போகிறது என்றார். மரியதாசன் திரும்பி நடந்தான். அக்னெஸ் செபமாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. மரியதாசன் எறிந்தான். “பல்!”

அவ்வளவுதான். அக்னெஸ் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“எருமை! எங்கயடா எறியிறாய்? பேஸ்மென்டில இருந்து ரிமோட்டால டிவியை நட்ட நடுவில அடிச்சு உடைச்சனியே, அந்த நடு இப்ப எங்கயடா போச்சு?”

அந்த டிவி தானாகப் பழுதானது என்றுதான் ஞானேந்திரனுக்கு இதுவரை சொல்லப்பட்டிருந்தது. மரியதாசன் மேட்டில் நின்று சிரித்துவிட்டான். சிரித்தபடியே எறிந்தான்.

“பிரீஸ்!”

“ஆ, இப்ப தெரியுதோ கண்? திண்ட சோத்துக்கு எறியடா! உப்பிடித்தான் கலியாண வீட்டிலயும் மாப்பிளைக்கு மாலையைப் போடாமல் தோழனுக்குப் போட்டனி, வெக்கங்கெட்டது!”

“பிரீஸ்!”

அதற்குப் பிறகு அக்னெஸ் சொன்னவற்றில் பாதியைப் பங்குத்தந்தை பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்டதில்லை. ஹொட்டோக் தின்ற கிழவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எழும்பி நின்று கேட்டார்கள். மட்டையோடு நின்ற லொங்குய்ய்க்காரன் அந்தக் குரல் யாரைத் திட்டுகிறது என்று தெரியாமல் தன்னைத்தான் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவதுக்கு வெறுங்காற்றை வீசிவிட்டு வெளியேறினான். இரண்டு பேர் அவுட்.

அடுத்து வந்தவன் அவர்களுடைய தலைவன். சிவப்புத் தாடி, பனங்குற்றி மாதிரிக் கை. மரியதாசன் நடுவில் எறிந்தான். அவனும் நடுவில்தான் அடித்தான். பந்து வந்த வேகத்தில் மரியதாசனின் முழங்காலுக்குக் கீழே பட்டு, எலும்பு சத்தம் போட்டது. அவன் சரிந்தான். பந்து அவனுடைய வயிற்றுக்குக் கீழே எங்கோ கிடந்தது. மூன்றாம் தளத்திலிருந்து ஒருத்தன் வீட்டை நோக்கிப் பறந்து வந்தான்.

“வயித்தை எழுப்படா!” என்று அக்னெஸ் கத்தினார்.

மரியதாசன் வயிற்றை எழுப்பிப் பந்தை எடுத்து, முழங்காலில் நின்றபடி, வீட்டுத் தளத்தில் கால் வைத்துக் காத்திருந்த ஜெனாட்டுக்கு எறிந்தான். ஜெனாட் அந்தப் பருவம் முழுவதும் மரியதாசனின் பந்துகளை வேலியோரம் போய்ப் பொறுக்கியவன். இது அவனுடைய நெஞ்சுக்கு நேரே வந்து கையுறைக்குள் விழுந்தது. அதிசயத்தில் அதைக் கீழே விடப் பார்த்தான். விடவில்லை. ஓடி வந்தவன் ஒரு முழம் பிந்திவிட்டான். மூன்றாவது அவுட், அதோடு ஆட்டம் முடிந்தது.

லாசரஸ் வென்றது. கடைசிக்கு முந்திய இடம். பொடியன்கள் கிண்ணம் வென்றவர்களைப் போல மரியதாசனின் மேல் விழுந்து, பட்ட காலிலேயே திரும்பவும் மிதித்தார்கள். பிரணவன் நன்றிக்கடனாக இன்னும் மூன்று தோப்புக்கரணம் போட்டான். சிவப்புத் தாடிக்காரன் வந்து கை கொடுத்து, அந்த அம்மாவை அடுத்த வருஷம் எங்கள் அணிக்குத் தருவீர்களா என்று கேட்டான்.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல். ஞானேந்திரன் கார் ஓட்டினார். பக்கத்தில் அக்னெஸ். பின்சீற்றில் மரியதாசன் காலை நீட்டிக் கிடந்தான். கால் பலாப்பழமாக வீங்கிக்கொண்டு வந்தது.

“ஆட்டம் தொடங்கின மே மாசத்திலயிருந்து உப்பிடித்தானோ?” என்று அக்னெஸ் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“ஓம்.”

“பிறகேன் சொல்லாம இருந்தனி?”

“படியில இருந்து எனக்காக அழுதனி. உன்னட்ட எப்பிடிச் சொல்லுறது?”

அக்னெஸ் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒக்டோபர்ல நிஷான்ர பில்டிங்கில ஒரு வீடு காலியாகுது அக்கா. எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன்” என்றான் மரியதாசன்.

“எத்தினையாம் மாடி?”

“மூண்டு.”

“இந்தக் காலோட மூண்டாம் மாடியோ? விசரன்.” பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். “பாலம் இறங்கின உடனே டெப்பனர் கடையில நிப்பாட்டுங்கோ.”

ஞானேந்திரன் நிறுத்தினார். அக்னெஸ் தானே இறங்கிப் போய், ஒரு பெரிய ஐஸ் பையோடும் ஆறு பியர் போத்தல்களோடும் வந்தார். பின்கதவைத் திறந்து ஐஸ் பையைத் தம்பியின் காலில் வைத்தார். மெதுவாக வைக்கவில்லை. மரியதாசன் கத்தினான்.

“கத்தாத” என்று சொல்லிவிட்டு, ஒரு போத்தலின் மூடியை உடைத்து அவனுடைய கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தனக்கு உடைத்துக்கொண்டு முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஞானேந்திரன் தனக்கும் கையை நீட்டினார்.

“நீங்கள் ஓட்டுங்கோ” என்றார் அக்னெஸ்.